கூடத்துப் பனைக்குத் தண்ணீர்

தொட்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டில் தேங்கிய தண்ணீர் உப்புக் கரித்தது.

வேண்டுமென்று யாரும் அந்தத் தண்ணீரை ருசி பார்ப்பார்களா? வேலை முடிந்து வந்த களைப்போடு தட்டை உருவிச் சாய்த்தபோது அவள் விரல் நனைந்தது. அதே கையால் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள். உதட்டில் பட்டுவிட்டது. நாக்கு தானாகப் போய்த் துழாவியது, கரிப்பை அறிந்து சட்டென்று உள்ளே ஒடுங்கியது. காலையில் அவள் ஊற்றியது குழாய்த் தண்ணீர்தான். அந்தக் குழாயில் ஒருநாளும் உப்புத் தண்ணீர் வந்ததில்லை. தன் கண்ணீரோ என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த வீட்டில் அப்போது கண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எத்தனை அழுதாலும் ஒரு தட்டு நிறையுமா?

தட்டைக் கழுவி, துடைத்து, மறுபடி தொட்டிக்கு அடியில் தள்ளினாள். மாமியாரிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வாள்?

அந்தப் பனை கூடத்து மூலையில், ஜன்னலை ஒட்டி நின்றது. வெட்டவெளியில் நிற்கிற முரட்டுப் பனை இல்லை. வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கிற ஜாதி. ஒற்றைத் தண்டு, ஆள் உயரம், பறவையின் இறகு போல இருபுறமும் பிரிந்து வளைந்து தொங்குகிற ஓலைகள். கல்யாணமான புதிதில் அவள் கணவன் தோளில் சுமந்து வந்து வைத்தது. அவனுக்குக் கப்பலில் வேலை, என்ஜின் அறையில். மாதக்கணக்கில் இரும்பையும் எண்ணெயையும் பார்த்துச் சலித்த கண்ணுக்கு வீட்டில் கொஞ்சம் பச்சை வேண்டும் என்பான். லீவில் வந்தால் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே ஓலையைத் தடவிக் கொடுப்பான்.

"பாத்தியாடி, வந்ததும் வராததுமா உன் சக்களத்திகிட்டதான் போறான்" என்பாள் மாமியார். "உனக்கு ரெண்டாவது இடம்தான்."

"எனக்கு ரெண்டாவது இடமாவது இருக்கு அத்தை. உங்களுக்கு?"

மூன்று பேரும் சிரிப்பார்கள். சிரிப்புக்குக் குறைவில்லாத வீடுதான் அது.

கடைசியாகக் கிளம்பிய அன்று அவன் ஓலை நுனியைப் பிடித்துக்கொண்டு, "இது பச்சையா இருக்கிற வரைக்கும் நான் நல்லா இருக்கேன்னு வச்சுக்க" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். விளையாட்டாகச் சொன்ன பேச்சு பிறகு எப்படியெல்லாம் வந்து தொண்டையைப் பிடிக்கிறது! அவன் போன கப்பல் புயல் பக்கம் போனது. அவனோடு போன் பேச்சு நின்றது. கம்பெனிக்குப் போன் போட்டால், "தேடிக்கிட்டுத்தான் இருக்கோம் மேடம்" என்று ஒரே குரல் ஒரே ராகத்தில் சொன்னது. பேச்சு நின்ற அதே வாரத்தில் பனையின் ஓலை நுனிகள் டீயில் நனைத்த காகிதம் போலப் பழுத்தன. அடியோலை மஞ்சளாகித் தொங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவள். தெருவில் எல்லாரும் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மயிரிழைக் கீறலையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப் பிடித்துவிடுகிற கண். அந்தக் கண்ணால் தினமும் அந்தப் பழுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தாள். அது ஏறிக்கொண்டேதான் இருந்தது.

செடி விற்கிற நர்சரிக்காரர் வாயாடி. அவள் கொண்டுபோன காய்ந்த ஓலையைக் கையில் வாங்கி முறுக்கிப் பார்த்தார்.

"உப்புத் தண்ணி ஊத்தினீங்களாக்கா?"

தட்டின் கரிப்பு அவள் நாக்கில் மறுபடி வந்தது. "இல்லீங்க. நாங்க குடிக்கிற தண்ணிதான்."

"அப்ப உரம் மிஞ்சிப்போச்சு. மண்ணுல உப்பு படிஞ்சு வேரைச் சுடுது. இதுல பாதி நம்ம பாசம் பண்ற வேலைக்கா. வாடுதேன்னு ஊத்துவோம், அழுகும். அழுகுதேன்னு உரம் வைப்போம், கருகும். பிள்ளைங்களாவது போதும் போதும்னு கத்தும். இதுங்க கத்தாது."

மண்ணை நன்றாகக் கழுவச் சொன்னார். அழுகின வேரை வெட்டிவிட்டுத் தேங்காய் நாரும் மணலும் கலந்த புது மண்ணில் வைக்கச் சொன்னார். நேர் வெயில் கூடாது, வெளிச்சம் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். "நடுக்குருத்தை மட்டும் தொட்டுடாதீங்க. மத்த செடிய வெட்டினா பக்கத்துல துளிர்க்கும். பனைக்கு உயிர் அந்த ஒரே இடத்துலதான். குருத்து போச்சுன்னா ஆள் போயாச்சு."

ஆள் போயாச்சு. எல்லாரும் இப்போதெல்லாம் அப்படித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

விடுமுறை நாளில் பகல் வெளிச்சத்திலேயே பனையைக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். கனம் தாங்காமல் தொட்டி தரையில் உராய்ந்து, நீண்ட ஒரு முனகலோடு வந்தது. குழாயைத் திறந்து மண்மேல் மெல்ல விட்டாள். அடித்துளை வழியாக முதலில் டீ நிறத்தில் வழிந்தது, பிறகு தெளிந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தாள். அப்போதுதான் தண்ணீரின் மேல் மெல்லிய ஒரு படலம் விரிந்தது. ஊதா, பச்சை, மஞ்சள் என்று வானவில்லைப் பிசைந்து தேய்த்தது போல, குளியலறைத் தரையில் மெதுவாகச் சுழன்று, வடிகால் வாயைச் சுற்றி நின்றது. எண்ணெய். கூடவே ஒரு வாசனை எழும்பியது. சூடான இரும்பு, துரு, எரிந்த எண்ணெய், அவற்றுக்கு அடியில் வேர்வை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வாசனை அவளுக்குத் தெரியும். எத்தனை தடவை ஊற வைத்துத் துவைத்தாலும் போகாத வாசனை அது.

வாசலில் மாமியார் வந்து நின்று மூக்கை உறிஞ்சினாள். "என்னடி, அவன் சட்டையையா துவைக்கிற?"

அவள் குழாயை மூடினாள். தான் கேட்டது உறைக்க, மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பனையைத் தொட்டியிலிருந்து உருவினாள். பாதி வேர்கள் கறுத்துக் கொழகொழத்து இருந்தன. அவற்றைக் கத்தரித்தாள். புது மண் நிரப்பினாள். ஓலை நுனிகளில் பழுப்பை மட்டும், பச்சையைத் தொடாமல், ஓலையின் கூர் மாறாமல் சீவினாள். கடையிலிருந்து கொண்டுவந்த, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியை நனைத்து ஒவ்வொரு இதழாகத் துடைத்தாள். காய்ச்சல்காரனின் விரல்களைத் துடைப்பது போலத் துடைத்தாள். துடைக்கும்போது, "வந்துருங்க. வந்துருங்க" என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது. அதைச் செடியிடம் சொன்னாளா, அவனிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது.

பனை பிழைத்தது. பழுப்பு நின்றது. ஒரு காலையில் தண்டின் நடுவே மூடிய குடை போல ஒரு குருத்து தலைகாட்டியது, வெளிர் பச்சையாக, ஈரம் மினுங்க.

அன்றைக்குத்தான் கம்பெனிக் குரலின் ராகம் மாறியது. தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மாமியார் இருந்த இடத்திலேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரி அழவில்லை. மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பி மூலைக்கு இழுத்துப் போனாள். "பொய் சொல்றாங்க அத்தை. இங்க பாருங்க, குருத்து வந்திருக்கு. பச்சையா இருக்கு பாருங்க."

மாமியார் குருத்தைப் பார்க்கவில்லை. மருமகளின் முகத்தைத்தான் பார்த்தாள். "ஒரு தடவ அழுதுடுடி அம்மாடி" என்றாள். "எனக்குத் துணைக்காவது அழு."

அவள் அழவில்லை. அழுதால் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

இரண்டு மூன்று நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போயிற்று. மாமியார் மெழுகுவர்த்தி தேட அடுப்படிக்குப் போனாள். மின்விசிறி கடைசிச் சுற்றை இழுத்து நின்றது. ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. வழக்கமாக ஒரு வீட்டுக்குள் எத்தனை சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவையெல்லாம் நின்ற பிறகுதான் தெரிகிறது. அந்த அமைதிக்குள், மூலையிலிருந்து, மங்கலாக ஒரு ஓசை.

டங்.

மண்தொட்டி அது. மண்தொட்டியில் இரும்புச் சத்தம் எப்படி வரும்?

டங். டங்.

ஓலைகள் அசையவில்லை. காற்று இல்லை. அவள் மெல்லப் போய்த் தொட்டியின் பக்கத்தில் மண்டியிட்டாள். காதைத் தொட்டியின் வயிற்றில் வைத்தாள். சில்லென்றிருந்தது. கிணற்றுச் சுவரில் காது வைத்தது போல, உள்ளே மிக ஆழத்தில், ஏதோ ஒரு பெரிய நீர் மெதுவாகப் புரள்கிற சத்தம். அதற்குள் ஒரு மூச்சு. இழுத்து, நிறுத்தி, விட்டு. பிறகு அந்த மூச்சின் நுனியில் ஒரு சொல்.

"விடு."

அவன் குரல்தான். ஆயிரம் குரலில் அவள் அதைப் பிரித்து எடுப்பாள்.

"விடு."

செடிக்குத் தண்ணி விடு என்றுதானே நாம் எல்லாரும் சொல்கிறோம்? அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள், பாவம்! எங்கேயோ தவித்துக் கிடக்கிறவன் தண்ணீர் கேட்கிறான். எழுந்து ஓடினாள். மாமியாரை இருட்டில் இடித்துத் தள்ளிக்கொண்டு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து மண்மேல் விட்டாள். மண் உறிஞ்சியது. காது வைத்துக் கேட்டாள்.

மடக். மடக்.

தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம்.

அவள் தரையில் படுத்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள்.

அதற்குப் பிறகு நர்சரிக்காரரின் சட்டங்கள் எல்லாம் காற்றில் போயின. மேல்மண் காய்கிறவரை யார் காத்திருப்பது? "விடு" என்ற குரல் காலையில் கேட்டது, மாலையில் கேட்டது. கேட்கும்போதெல்லாம் ஊற்றினாள். அழுகவில்லை. எத்தனை சொம்பு விட்டாலும் ஒரு சொட்டுகூடத் தட்டுக்கு வரவில்லை. பனை தளதளவென்று ஏறியது. ஓலைகள் ஜன்னலை மறைத்தன. கூடத்தில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. விளக்கைப் போட்டால் சுவரெங்கும் ஓலை நிழல்கள், நீருக்கு அடியில் அசைவது போல, நின்ற இடத்திலேயே அசைந்தன.

மாமியாரிடம் சொல்லிவிட்டாள். மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தொட்டியில் காதை வைத்து, வெகுநேரம் கேட்டாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலடி."

"சத்தியமா அத்தை. விடச் சொல்றாரு."

"உனக்குக் கேக்குதுல்ல, போதும்." மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பெத்தவளுக்குக் கேக்காம பொண்டாட்டிக்குக் கேக்குது பாரு. அப்பவே அப்படித்தான் அவன்."

அன்றிலிருந்து மருமகள் கடைக்குப் போயிருக்கிற நேரத்தில் மாமியார் ஊற்றினாள். சொம்பு போதாமல் வாளி வந்தது. மண் கரையாதபடி கையை நடுவில் வைத்து, விரலிடுக்கு வழியாக மெதுவாக விடுவாள். "குடி ராசா. இன்னும் கொஞ்சம். அம்மா இருக்கேன்ல" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே விடுவாள். கண்ணாடிக்காரி வீடு திரும்பும்போது பலநாள் அந்தப் பேச்சு வாசல்வரை கேட்கும்.

பிறகு ஒருநாள் கம்பெனி ஆள் நேரிலேயே வந்தார்.

சின்ன வயதுக்காரர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த டீயில் ஆடை படிந்தது. அவர் தொடவில்லை. கப்பல் கிடைத்துவிட்டது என்றார். கடலுக்கு அடியில் தலைகீழாகக் கிடக்கிறது. ஆழம் அதிகம். தூக்க முடியாது. முங்குகிற ஆட்கள் இறங்கி, போக முடிந்தவரை பார்த்துவிட்டு வந்தார்கள்.

"என்ஜின் அறை?" என்றாள் அவள்.

"கதவு அடைஞ்சிருக்கு மேடம். உள்பக்கமா. தண்ணி புகாத கதவு அது."

"அப்ப உள்ள காத்து இருக்கும்ல?"

"இருந்திருக்கும். ஒருநாள், ரெண்டு நாள் தாங்கும். அதுக்கு மேல தாங்காது." நெற்றியைத் துடைத்தார். "தாங்கவும் கூடாது மேடம்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

அவர் கீழே பார்த்தார். மேலே பார்த்தார். பனையைப் பார்த்ததும் ஏனோ நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். "முங்கினவர் ஒருத்தர் சொன்னாரு, உள்ளேர்ந்து யாரோ தட்டுற மாதிரி கேட்டுச்சுன்னு. போன வாரம். அவ்வளவு ஆழத்துல இரும்பு நெளியும் மேடம், அழுத்தத்துல. அந்தச் சத்தம்தான். இத்தனை நாள் கழிச்சு அந்த இருட்டுல, அந்தக் குளிர்ல, சோறு தண்ணி இல்லாம, மூச்சும் இல்லாம... யாராவது உயிரோட இருந்தா, அதைவிடக் கொடுமை உண்டா, சொல்லுங்க?"

மாமியார் அடுப்படியிலிருந்தாள். நல்லவேளை, அவள் காதில் விழவில்லை.

அவர் போன பிறகு கண்ணாடிக்காரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஓலை நிழல் அவள் மடியில் விழுந்து கிடந்தது. பிறகு எழுந்து போய்த் தொட்டியில் காதை வைத்தாள்.

டங். டங்.

"விடு."

இந்தத் தடவை அவள் ஓடவில்லை. கேட்டாள். கண்ணாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல, அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஒவ்வொரு தடவை அவன் கப்பலுக்குக் கிளம்பும்போதும் வாசலில் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள் அவள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபடி, கெஞ்சுவது போல, சிரிக்க முயல்வது போல, ஒன்று சொல்வான். விடு. நேரமாச்சு. விடுடி.

அதே குரல். அதே இழுப்பு. அதில் சிரிப்பு மட்டும் இல்லை.

தண்ணீரை விடச் சொல்லவில்லை அவன்.

தன்னை விடச் சொல்கிறான்.

காற்று தீர்ந்த அன்றைக்கே போயிருக்க வேண்டியவன். போகவிடாமல், சொம்பு சொம்பாக, வாளி வாளியாக, இத்தனை நாள் இழுத்துப் பிடித்து வைத்திருந்தது யார்? கண் தெரியாத இருட்டில், இடுப்பளவு எண்ணெய்த் தண்ணீரில், மூச்சு நின்ற பிறகும் சாகாமல், இரும்பைத் தட்டித் தட்டி அவன் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, ராசா குடி ராசா என்று ஊட்டியது யார்?

வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள், மாமியாருக்குச் சத்தம் கேட்காதபடி.

"இனிமே ஊத்த வேணாம் அத்தை" என்றாள் அன்று. "வேர் அழுகிடுமாம்." ஒரு தாயிடம் வேறு எதைச் சொல்வது? மாமியார் முகம் சுருங்கியது. ஆனாலும் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

பனை வாடத் தொடங்கியது. நாளுக்கு நாள் ஓலைகள் தோள் தளர்ந்தன. பழுப்பு நுனியிலிருந்து உள்நோக்கி ஊர்ந்தது. தட்டுகிற ஓசை தேய்ந்தது. சொல் மூச்சாயிற்று. அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்க் குருத்தின் கழுத்தில் வைத்தாள். ஒரே நறுக்கு. இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. அவனுக்கு நல்லது. எல்லாம் தெரிந்தது அவளுக்கு. விரல்கள்தான் மூடவில்லை. கத்தரிக்கோலை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மறுநாளும் எடுத்தாள். மறுநாளும் வைத்தாள்.

பிறகு ஒரு மாலையில் காது வைத்தபோது எதுவும் இல்லை.

தட்டல் இல்லை. மூச்சு இல்லை. நீர் புரள்கிற சத்தமும் இல்லை. வெறும் மண். வெறும் தொட்டி. கடையில் விற்கிற எந்தத் தொட்டியையும் போல ஒரு தொட்டி.

இதைத்தானே அவன் கேட்டான்? இதைத்தானே கொடுக்க நினைத்தாள்? ஆனால் அந்த வெறுமை காதுக்குள் புகுந்து நெஞ்சுக்குள் இறங்கியபோது அவளால் தாங்க முடியவில்லை. இனி அந்தக் குரல் எங்கேயும் இல்லை. உலகத்தில் எந்த மூலையிலும் இல்லை. எழுந்து ஓடினாள். வாளியை நிமிர்த்தினாள். குழாயைத் திறந்தாள். நிரம்பும்வரை பொறுக்காமல் பாதி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டினாள்.

தெரியாமல் ஊற்றியது அந்த நாளெல்லாம். இன்று தெரிந்தேதான் ஊற்றினாள்.

மண் உறிஞ்சியது. காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை.

மடக்.

"அத்தை!" என்று கத்தினாள். "அத்தை, தண்ணி பிடிங்க! இனிமே ஊத்தலாம்! நிறைய ஊத்தலாம்!"

"இதோ பிடிக்கிறேன்டி!" அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் பறந்து வந்தது. பாத்திரம் உருண்டது. குழாய் சீறியது.

அவள் தொட்டியைக் கட்டிக்கொண்டாள். உள்ளே இப்போது சொல் இல்லை. அழுகை இருந்தது. ஒரு ஆண்பிள்ளை வாயை மூடிக்கொண்டு அழுவது எப்படி இருக்குமோ அப்படி. "மன்னிச்சிருங்க" என்றாள். "என்னால முடியலங்க. மன்னிச்சிருங்க." ஓலையைத் தடவினாள், போதவில்லை. தண்டைத் தடவினாள், போதவில்லை. அவனைத் தொட வேண்டும். ஒரு தடவை. அந்த இருட்டில் தனியாக இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

ஈர மண்ணுக்குள் விரல்களைச் செருகினாள்.

மண் வழிவிட்டது. மணிக்கட்டுவரை போயிற்று. வேர்கள் ஒதுங்கின. முழங்கைவரை போயிற்று. தொட்டியின் அடி தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை. அதற்குக் கீழே தரை. தரையும் தட்டுப்படவில்லை. மண் முடிந்து தண்ணீர் தொடங்கியது. எலும்பைக் கடிக்கிற குளிர். கை அதற்குள் தொங்கியது, தோள் தொட்டியின் விளிம்பில் அழுந்த, கன்னம் மண்ணில் படிய. விரல்களை விரித்தாள். துழாவினாள்.

விரல்கள்.

ஊறி உப்பிய விரல்கள். தடித்த உள்ளங்கை. ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன அந்த மேடு.

"ஏங்க" என்றாள். "நான்தாங்க."

அந்தக் கை அவள் கையைப் பற்றியது. மெதுவாக. பிறகு இறுக்கமாக. அவள் வாசலில் நின்று எப்படிப் பிடிப்பாளோ அப்படி. மூலையில் ஓலைகள் சரசரவென்று தலை தூக்கின.

"வலிக்குதுங்க."

இறுக்கம் கூடியது. மணிக்கட்டு நொறுங்கியது. சத்தம் கேட்டது அவளுக்கு. இழுத்தாள். வரவில்லை. கீழே இழுத்தது. தோள் மண்ணுக்குள் போயிற்று. காதருகே மண்ணிலிருந்து தண்ணீர் ஊறி ஏறியது. உப்பு. எண்ணெய். வாய்க்குள். மூக்குக்குள்.

"விடுங்க."

விடவில்லை.

"விடுங்க... விடு..."

"விடுறேன்டி, விடுறேன்! வந்துட்டேன்ல? என்ன அவசரம்!" மாமியாரின் காலடிச் சத்தம். வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டது. கூடத்தில் விளக்குப் போடவில்லை. ஓலை இருட்டில், மருமகள் எப்போதும் போலத் தொட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். "என்ன சொல்றான்? இன்னும் கேக்குறானா?"

கத்த வேண்டும். அத்தை, வேண்டாம். ஊற்றாதீங்க. சொல்ல வாயைத் திறந்தாள். தண்ணீர் புகுந்தது. இத்தனை சொற்களில் ஒன்றே ஒன்றுதான் குமிழியாக வெளியே வந்தது.

"விடு."

மண் கரையாதபடி, மாமியார் கையை நடுவில் வைத்து, விரலிடுக்கு வழியாக மெதுவாக விட்டாள். தலைமேல். காதின்மேல். கண்மேல். அத்தனை பாசத்தோடு. மண் இளகியது. அவள் முகம் இறங்கியது. கீழே, குளிர்ந்த இருட்டில், அவள் முகத்துக்கு வெகு பக்கத்தில், இன்னொரு முகம் இருந்தது. அதன் உதடு அவள் உதட்டோடு உரச, இரண்டும் சேர்ந்து சொல்லின.

"விடு."

எங்கேயோ மேலே, தூரத்தில், மாமியார் சின்னப் பெண்ணைப் போலக் கூவினாள். "கேக்குதுடி! எனக்கும் கேக்குது! இதோ விடுறேன் ராசா, விடுறேன்!"

குழாயடியில் அடுத்த வாளி நிரம்பத் தொடங்கியது.